மென்மைக்கு ஒரு விலை
டொமினிக்கன் சிகாரை உலகம் சொட்டுச் சொட்டாக ரசிக்கிறது. ஆங்கிலத்துக்கு 'ஷெரூட்' என்ற சொல்லைக் கொடுத்த தமிழ்ச் சுருட்டோ ஓசையில்லாமல் அணைந்துகொண்டிருக்கிறது.

சித்தூர் மாவட்டத்துக் கார்வேட்டிநகரம் இரண்டு மொழிகளில் புழங்கும் ஊர். இங்கே சுருட்டு என்றாலும் புரியும், தெலுங்கில் 'சுட்ட' என்றாலும் புரியும். இரண்டு சொற்களுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: சுருட்டியது, சுற்றியது. முன்னாள் ஜமீன் தலைநகரான இந்த ஊர் 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. வேணுகோபாலன் மீது சாரங்கபாணி பாடிய தெலுங்குப் பதங்கள் இங்கிருந்துதான் தமிழ்நாட்டுக் கச்சேரி மேடைகளுக்கும் நாட்டிய அரங்குகளுக்கும் போயின. எல்லை தாண்டுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

ஆனால் சுருட்டு தாண்டிய எல்லை இதைவிடப் பெரியது. போர்ச்சுக்கீசியர் வாயில் அது 'சாருட்டோ' ஆயிற்று, ஆங்கிலேயர் வாயில் 'ஷெரூட்' ஆயிற்று. இன்று ஆங்கில அகராதி எதைப் புரட்டினாலும் அந்தச் சொல்லுக்கு மூலம் தமிழ் என்று போட்டிருக்கும். பெயர் நம்முடையது. சரக்கு மட்டும் நம்முடையதல்ல. புகையிலையின் சொந்த மண் அமெரிக்கக் கண்டம். 1492-ல் கொலம்பஸ் போய் இறங்கிய கரீபியன் தீவுகளில் டைனோ மக்கள் அதை ஏற்கெனவே சுருட்டிப் புகைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தீவுகளில் ஒன்றான ஹிஸ்பானியோலாவின் கிழக்குப் பகுதிதான் இன்றைய டொமினிக்கன் குடியரசு. உலகப் பணக்காரர்கள் 'மைல்டு' என்று கொண்டாடும் சிகார்களில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

கியூபா விட்டதைப் பிடித்தவர்கள்

சிகார் என்றால் கியூபா என்பதுதான் ஒரு காலத்தில் பேச்சு. 1959 புரட்சிக்குப் பிறகு காஸ்ட்ரோ அரசு சிகார் ஆலைகளைத் தேசியமயமாக்கியது. 1962 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் கென்னடி கியூபப் பொருள்களுக்குத் தடை போட்டார். தடை உத்தரவில் கையெழுத்துப் போடுவதற்குச் சற்று முன்பு, தனக்குப் பிடித்த கியூபச் சிகார்களில் சுமார் ஆயிரம் வாங்கி வரும்படி தன் பத்திரிகைச் செயலாளரைக் கென்னடி அனுப்பினார். பல ஆண்டுகள் கழித்து அந்தச் செயலாளரே இதை எழுதினார். சட்டம் எல்லோருக்கும்தான், கையிருப்பு அதிபருக்கு மட்டும்!

கியூபாவை விட்டு வெளியேறிய சிகார்க் குடும்பங்கள் விதையையும் கைத்திறனையும் எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து நாடுகளில் குடியேறின. சாந்தியாகோ நகரைச் சுற்றியுள்ள சிபாவோ பள்ளத்தாக்கின் மண் அவர்களுக்கு வாகாக அமைந்தது. 1980-ல் ஆர்த்துரோ ஃபுவேந்தே குடும்பம் அங்கே ஆலை தொடங்கியது. கியூபாவில் தயாராகி வந்த டேவிடாஃப் நிறுவனமே 1990-ஐ ஒட்டி அங்கே இடம் மாறியது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் சிகார் மோகம் வெடித்தது. 1992-ல் சிகாருக்கென்றே ஒரு பளபளப்பான பத்திரிகை வந்தது. நடிகர்களும் பங்குச் சந்தைக்காரர்களும் அட்டையில் புகைவிட்டார்கள். புதிதாகப் புகைக்க வந்தவர்களுக்குத் தொண்டையைக் கிழிக்காத சிகார் தேவைப்பட்டது. டொமினிக்கன் சிகார் அந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது.

மென்மை எங்கிருந்து வருகிறது?

கையால் செய்யும் சிகாரில் மூன்று வகை இலைகள் உண்டு. உள்ளே வைப்பது, அதைச் சேர்த்துக் கட்டுவது, கடைசியாக மேலே சுற்றுவது. செடியின் அடியிலைகள் மெலிதாக இருக்கும், நன்றாக எரியும், காரம் குறைவு. நடு இலைகளில் மணம் அதிகம். வெயிலை முழுக்க வாங்கும் உச்சி இலைகள் தடித்து, எண்ணெய்ப் பசையோடு, காரமாக இருக்கும். மென்மையான சிகாரின் ரகசியம் கணக்கில் இருக்கிறது: உச்சி இலை கொஞ்சம், அடியிலையும் நடு இலையும் தாராளம்.

அடுத்தது மேலிலை. மென்மையான ரகங்களில் பலவும் வெளிர்ப் பழுப்பு நிற 'கனெக்டிகட்' இலையைப் போர்த்தியிருக்கும். அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வயலுக்கு மேல் துணிப் பந்தல் போட்டு நிழலில் வளர்க்கும் இலை இது. வெயில் நேராகப் படாததால் நரம்பு தடிக்காது, இலை பட்டுப்போல் இருக்கும். இதே விதையை இப்போது ஈக்வடாரில் பயிர் செய்கிறார்கள். அங்கே பந்தலே தேவையில்லை. மேகமூட்டமே பந்தல்.

மூன்றாவது, பொறுமை. அறுத்த இலையைக் கொட்டகையில் நிழல் காற்றில் உலர்த்துகிறார்கள். பிறகு பெரிய அம்பாரங்களாக அடுக்கிப் புழுங்க விடுகிறார்கள். அம்பாரம் தானாகவே சூடேறும். சூடு அளவு மீறாமல் பிரித்து, கீழே இருந்ததை மேலே வைத்து மறுபடி அடுக்க வேண்டும். இந்தப் புழுக்கத்தில்தான் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வெளியேறி, இலையின் கரடுமுரடு அடங்குகிறது. அதன்பின் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், மூட்டையில் உறக்கம். நல்ல சிகாருக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புக்குத்தான்.

புகைப்பதிலும் முறை உண்டு

ரசிகர்கள் சிகாரை சிகரெட்டைப் போல இழுப்பதில்லை. சுமார் 70 சதவீத ஈரப்பதம் உள்ள மரப்பெட்டியில் அதைப் பாதுகாக்கிறார்கள். ஈரம் குறைந்தால் மேலிலை வெடிக்கும், கூடினால் பூசணம் பிடிக்கும். மூடிய முனையின் தொப்பியை மட்டும் கூரிய கத்தியால் நறுக்குகிறார்கள். ஆழமாக வெட்டினால் சுற்றே பிரிந்துவிடும். பற்ற வைக்கும்போது நெருப்பு இலையைத் தொடாமல், சற்றுத் தள்ளிக் காட்டி, முனை முழுதும் சமமாகக் கனியும்வரை சுழற்றுகிறார்கள். புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல், வாயில் வைத்திருந்து வெளியே விடுகிறார்கள்.

நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும் என்பது அவர்கள் கணக்கு. அவசரப்பட்டால் சிகார் சூடேறிக் கசக்கும். முதல் மூன்றில் ஒரு பங்கில் லேசான மரவாசனை, பாலாடை போன்ற வழுவழுப்பு. நடுப்பகுதியில் வறுத்த பருப்பு, காப்பி. கடைசிப் பகுதியில் மிளகுக் காரம். மென்மையான டொமினிக்கன் சிகாரைப் பற்றி அவர்கள் எழுதும் வர்ணனை ஏறக்குறைய இப்படித்தான் ஓடும். மென்மை வேறு, சுவையின்மை வேறு என்பது அவர்கள் வாதம். நமக்குப் புரியும்படி சொன்னால், டிகாக்ஷன் கம்மியான காப்பிக்கும் கழுநீருக்கும் உள்ள வித்தியாசம்.

உறையூரும் திண்டுக்கல்லும்

இந்த ரசனையெல்லாம் ஒரு காலத்தில் நம் ஊர்ச் சுருட்டைச் சுற்றியும் இருந்தது. 'ட்ரிச்சினோபோலி' என்று லண்டன் கடைகளில் விற்றது திருச்சிச் சுருட்டு. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே கொலையாளி புகைத்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். சாம்பலுக்கே அடையாளம் இருந்த காலம் அது. சென்னையின் ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சிகார் ஆலை நடத்திப் பல நாடுகளுக்கு அனுப்பியது. சர்ச்சில் நம் ஊர்ச் சுருட்டுக்கு அடிமை என்று திருச்சியில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். இளம் ராணுவ அதிகாரியாக அவர் பெங்களூரில் இருந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே, 1895-ல், கியூபாவுக்குப் போய் அந்த ஊர்ச் சிகாரின் ருசி கண்டவர் அவர்.

திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்தின் உசிக்கப்பல், வட்டக்கப்பல், கருங்கண்ணி ரகப் புகையிலைகள் பெயரெடுத்தவை. சுருட்டுப் புகையிலைக்கென்றே வேடசந்தூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் சுதந்திரத்தை ஒட்டி ஏற்பட்டது. திருச்சிக்கு உறையூர் போல ஆந்திரத்துக்குக் கோதாவரி. அங்கே வெள்ளம் கொண்டுவந்து கொட்டும் வண்டல் படிந்த ஆற்றிடைத் திட்டுகளில், அதாவது 'லங்கா'க்களில் விளையும் புகையிலைதான் சுட்டைக்கு உயிர். குரஜாட அப்பாராவின் 'கன்யாசுல்கம்' நாடகத்தில் வரும் கிரீசம், நாகரிகத்தின் முதல் பாடமாகத் தன் சீடனுக்குச் சொல்லித் தருவதே சுட்ட பிடிப்பதைத்தான்.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கொட்டில்கள் வேறொரு வேலையும் செய்தன. ஒருவர் பத்திரிகையையோ கதையையோ உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். கைக்கு வேலை, காதுக்கு உலகம். ஹவானா ஆலைகளிலும் 1865 முதல் இதே வழக்கம். 'மான்டெகிறிஸ்டோ', 'ரோமியோ ஜூலியட்' என்று சிகார்களுக்குப் பெயர் வந்தது அங்கே வாசித்த கதைகளால் என்பார்கள். ஒன்றையொன்று பார்த்திராத இரண்டு தீவுத் தொழிலாளர்கள் ஒரே யோசனைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? மலிவில் பீடியும் நாகரிகத்தில் சிகரெட்டும் சுருட்டை இரண்டு பக்கமும் நெருக்கின. 1920களிலிருந்து குண்டூர்ப் பக்கம் சிகரெட்டுக்கான வர்ஜீனியாப் புகையிலை பரவியது. ஐந்து நிமிடத்தில் முடியும் புகை, அலுவலக வாழ்க்கைக்கு வசதியாகவும் இருந்தது. வெள்ளைக்காரர்கள் போனதும் உயர்ரகச் சுருட்டுக்கு இருந்த உள்ளூர் வாடிக்கையும் சுருங்கியது. சுருட்டு கிழவர்களின் கைக்கும், மதுரைவீரன், கருப்பசாமி, முனீஸ்வரன் படையலுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு காலத்தில் பட்டறைகளால் நிறைந்திருந்த உறையூரில் இன்று விரல்விட்டு எண்ணும்படிதான் மிச்சம்.

நம் சுருட்டு காரம் என்பது மட்டும் காரணமல்ல. காரத்தைத் தேடிப் போகும் ரசிகர்கள் உலகில் நிறைய. டொமினிக்கன்காரர்கள் செய்தது வேறு. எந்த வயல், செடியின் எந்தப் பகுதி, எத்தனை ஆண்டு பழசு என்று தரம் பிரித்தார்கள். இந்த வருடம் வாங்கிய ருசி அடுத்த வருடமும் மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். அதைச் சொல்லி விற்றார்கள். நாம் அதே கைத்திறனைக் கூலிக்கணக்கில் வைத்து, கட்டுக் கட்டாக விற்றோம்.

மென்மையின் மறுபக்கம்

இங்கே ஒரு நிறுத்தம் தேவை. 'மைல்டு' என்ற சொல் நாக்குக்குப் பொருந்தும், உடம்புக்குப் பொருந்தாது. ஒரு சிகரெட்டில் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை. ஒரு பெரிய சிகாரில் 5 முதல் 17 கிராம் வரை இருக்கும். புகையை உள்ளே இழுப்பதில்லையே என்பது சிகார்ப் பிரியர்களின் சமாதானம். ஆனால் புழுங்கிப் பதமான இலையின் புகை காரத்தன்மை கொண்டது. அதனால் நிக்கோடின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடுகிறது. எச்சிலோடு நச்சும் இறங்குகிறது. வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் வர சிகார் காரணமாகிறது என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998-ல் விரிவான அறிக்கையே வெளியிட்டது. மோகம் உச்சத்தைத் தொட்ட சூட்டோடு சூடாக அந்த அறிக்கை வந்தது.

சிகாரைக் கைவிட மறுத்த சிக்மண்ட் ஃபிராய்டுக்கு 1923-ல் வாயில் புற்றுநோய் தெரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகளோடு 1939 வரை அவதிப்பட்டார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆந்திரத்தின் வடகடலோரத்தில் எரியும் முனையை வாய்க்குள் வைத்து சுட்ட பிடிக்கும் வழக்கம் பெண்களிடம் உண்டு. அவர்களுக்கு மேலண்ணத்தில் வரும் புற்றுநோய் மருத்துவ நூல்களில் தனி இடம் பெற்றிருக்கிறது. சீமைச் சிகாரானாலும் சுட்டயானாலும் திசுவுக்கு வித்தியாசம் தெரியாது.

இந்தியச் சட்டமும் இறுகிவிட்டது. 2003-ல் வந்த சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுத்தது, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்பதைக் குற்றமாக்கியது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பதற்குத் தடை கண்டிப்பாக அமலானது. சுருட்டுக்கு இனி ஒரு பொற்காலம் வரும் என்று யாரும் கனவு காண முடியாது. காணவும் வேண்டாம்.

ஆனால் இலையைத் தொட்டுப் பார்த்தே ஈரம் சொல்லும் விரல்களுக்கு மாற்றுப் பிழைப்பு என்ன என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. புகையை ஒழிக்கும் சட்டம் சரிதான். அதை விளைவித்துச் சுருட்டி வாழ்ந்தவர்களுக்கு வேறு பயிர், வேறு தொழில் காட்டும் பொறுப்பும் அதே சட்டத்தோடு சேர்ந்ததுதான். சிகாரை நசுக்கி அணைக்கக் கூடாது, தட்டில் வைத்துத் தானாக அணைய விட வேண்டும் என்பது ரசிகர்களின் கடைசி விதி. உறையூர்ப் பட்டறைகளுக்கு அந்த மரியாதை யாரும் சொல்லாமலே கிடைத்துவிட்டது. அங்கே சுருட்டிய கைகளை அப்படி விட்டுவிட முடியாது.