தட்டைப் பாதம் விளையாட்டுக்குத் தடையா?

நான் பணிபுரியும் வன்னிக் கிராமங்கள் சிலவற்றில், மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் பெண்கள் பட்மின்ரன் விளையாடுவது வழமையாகிவிட்டது. முன்பள்ளி முற்றத்தில் இரண்டு தடிகளை நட்டு வலையைக் கட்டிவிடுவார்கள். விதிப்படி வலையின் நடுப்பகுதி தரையிலிருந்து 1.524 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் வலையோ பொழுதுபட முன்னரே தொய்ந்து இடுப்பளவுக்கு வந்துவிடும். அதைப்பற்றி யாருக்கும் கவலையில்லை. 2009 இல் போர் முடிந்து, முகாம் வாழ்வும் முடிந்து, தனித்து நின்று குடும்பம் சுமக்கும் பெண்கள் ஒரு மணித்தியாலம் வாய்விட்டுச் சிரிப்பதற்கு இதைவிடச் செலவு குறைந்த வழி எதையும் நான் காணவில்லை.

ஆனால் விறாந்தையில் இருந்தபடி புள்ளி மட்டும் எண்ணுபவர்களும் உண்டு. ஏன் விளையாடுவதில்லை என்று கேட்டால் ஒருவர் முழங்கால் நோ என்பார், இன்னொருவர் வெட்கம் என்பார். நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா வேறொரு காரணம் சொன்னார்.

"எனக்குத் தட்டைக்கால் பிள்ளை. சின்னனிலயே சொல்லிப்போட்டினம், உன்னால ஓடேலாது எண்டு. அவர் இல்லாமப் போன பிறகு மாமியும் என்ர காலைத்தான் குறை சொன்னவா."

'அவர்' 2009 இல் ஷெல் வீச்சில் இறந்தவர். பெண்ணின் பாதம் நிலத்தில் எப்படிப் படுகிறது, எந்த விரல் படவில்லை என்று பார்த்து அவளது கணவனின் ஆயுளைச் சொல்லும் வழக்கம், சாமுத்திரிகா லட்சணம் என்ற பெயரில் எம்மிடையே இன்னமும் இருக்கிறது. ஷெல் விழும் இடத்தை எந்தப் பெண்ணின் பாதமும் தீர்மானிக்கவில்லை. சமூகவியல் படித்தவள் என்ற வகையில் இதைப்பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதலாம். அந்த அக்காவுக்கோ தனது காலைப் பற்றிய சரியான விளக்கம்தான் தேவையாக இருந்தது.

எமது ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. அவை பாலத்தின் வளைவுபோலக் கோக்கப்பட்டிருக்கின்றன. குதிக்காலிலிருந்து பெருவிரலின் அடிவரை உட்பக்கமாகச் செல்லும் வளைவே எமது கண்ணுக்குத் தெரிவது. வெளிப்பக்கமாகவும் குறுக்காகவும் சிறிய வளைவுகள் இருக்கின்றன. காலை ஊன்றும்போது வளைவு சற்றுத் தாழ்ந்து பாரத்தை வாங்குகிறது. உன்னி எழும்போது அது இறுகி உடலைத் தள்ளிவிடுகிறது. இந்த வேலையைச் செய்பவை பாதத்தின் அடியிலுள்ள தடித்த நார்களும் சிறிய தசைகளும் ஆகும்.

பிறக்கும்போது எல்லாக் குழந்தைகளின் பாதமும் தட்டையாகவே தெரியும். ஏறத்தாழ பத்து வயதுக்குள் வளைவு படிப்படியாக உருவாகும். சிலருக்கு உருவாகாமலே விடுவதும் உண்டு. பெண்களாகிய எமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 49 கர்ப்பிணிகளின் பாதங்களை அளந்து, பிள்ளை பிறந்து சில மாதங்களின் பின்னர் மீண்டும் அளந்தார்கள். பலரது பாத வளைவு தாழ்ந்து, பாதம் சில மில்லிமீற்றர் நீண்டிருந்தது. முதற்பிள்ளை பெற்றவர்களிடமே இந்த மாற்றம் கூடுதலாகக் காணப்பட்டது. 2013 இல் இந்த முடிவு வெளியானது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பழைய செருப்பு இறுக்குகிறது என்று எங்கள் அம்மாமார் சொன்னதில் உண்மை இருந்திருக்கிறது.

உங்கள் பாதம் எத்தகையது என்று அறியச் செலவு ஏதும் இல்லை. உள்ளங்காலை நனைத்துக் கிணற்றடிச் சீமெந்தில் ஒருமுறை ஊன்றி எடுங்கள். நடுவில் உட்பக்கம் வெறுமையாக, பாதி அகலத்துக்குத் தடம் விழுந்தால் சாதாரண வளைவு. பாதம் முழுவதும் விழுந்தால் தட்டை. குதிக்காலும் முன்பாதமும் தனித்தனியாக விழுந்து, இடையில் மெல்லிய கோடு மட்டும் இருந்தால் உயர்ந்த வளைவு.

தட்டையாக விழுந்தால் அத்துடன் நின்றுவிடாதீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி, முன்பாதத்தில் நில்லுங்கள். அப்போது உட்பக்கத்தில் வளைவு தோன்றினால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். நோ இல்லாதவரை அதற்குச் சிகிச்சை தேவையில்லை. 1947 இல் கனடாவில் மூவாயிரத்துக்கும் அதிகமான இராணுவ வீரர்களின் பாதங்களை ஆராய்ந்தவர்களும் நெகிழ்வான தட்டைப் பாதம் ஒரு குறைபாடு அல்ல என்றே கண்டார்கள். 1993 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று இதற்கும் ஒருபடி மேலே போனது. பயிற்சிக்குச் சேர்ந்த படையினரில் மிகத் தட்டையான பாதம் கொண்டவர்களே குறைவாகக் காயப்பட்டார்கள்; உயர்ந்த வளைவுள்ளவர்களுக்கே காயங்கள் அதிகம். அழகான கால் என்று புகழப்படுவது இந்த உயர்ந்த வளைவுள்ள காலைத்தான்!

சமநிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் விழாமல் நிற்பதற்குக் கண், உட்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து உதவுகின்றன. வளைவு மிக உயர்ந்த பாதத்தில் நிலத்தைத் தொடும் பரப்புக் குறைவு. அதனால் ஒற்றைக்காலில் நிற்கும்போது ஆட்டம் சற்றுக் கூடலாம்; கணுக்கால் வெளிப்பக்கமாக மடங்கவும் இடமுண்டு. தட்டைப் பாதத்தில் பாதம் உட்பக்கமாகச் சாயும், முழங்காலும் அதனுடன் சேர்ந்து உள்ளே திரும்பும், கால் விரைவில் களைக்கும். ஆயினும் பாதத்தின் வடிவத்தை மட்டும் வைத்து ஒருவர் தடுமாறுவார், மற்றவர் தடுமாறமாட்டார் என்று சொல்ல முடியாது. தசைப்பலமும் பழக்கமும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. இவை இரண்டும் எந்த வயதிலும் வளர்க்கக்கூடியவை.

பட்மின்ரனில் கால் எங்கே சோதிக்கப்படுகிறது என்று கவனித்துப் பாருங்கள். வலைக்கு அருகில் விழும் பந்தை எடுக்க, மட்டை பிடித்த கைப்பக்கக் காலை நீட்டிப் பாய்ந்து ஊன்றுகிறோம். அந்த ஒரு கணம் உடற்பாரம் முழுவதும் ஒற்றைக்காலில் இருக்கிறது. உடனே பின்வாங்கவும் வேண்டும். முழங்கால் பாதத்தின் நேரே வராமல் உள்ளே மடிந்தால் நோ வருவது இங்கேதான். தலைக்கு மேலால் போகும் பந்துக்காகப் பின்பக்கமாக ஓடி நிற்கும்போது கணுக்காலும் குதிக்காலுக்கு மேலுள்ள தடித்த நாரும் அடிபடலாம். இறப்பர் செருப்புடன் ஆடுவது இதையெல்லாம் விட மோசமானது. செருப்பு ஒரு பக்கம் போகும், கால் இன்னொரு பக்கம் போகும். சப்பாத்து இல்லாவிட்டால் கல் பொறுக்கிய மணல் முற்றத்தில் வெறுங்காலுடன் மெதுவாக ஆடலாம். சோட்டியின் விளிம்பையும் சற்று உயர்த்திச் செருகிக்கொள்ளுங்கள்.

எமது அக்காவின் பாதம் கிணற்றடியில் முழுத் தட்டையாகத்தான் விழுந்தது. முன்பாதத்தில் எழும்பி நின்றபோது வளைவு தெரிந்தது. மகள் குனிந்து பார்த்துச் சொன்ன பிறகும் அவர் நம்பாமல் மூன்று தரம் எழும்பி நின்று பார்த்தார். அவரும் இன்னும் நால்வருமாகச் செய்து வந்த பயிற்சிகள் இவைதான். கதிரையில் இருந்து பாதத்தை நிலத்தில் வைத்து, விரல்களை மடக்காமல் பெருவிரலின் அடியைக் குதிக்காலை நோக்கி இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுவது, பத்துத் தடவை. சுவரைப் பிடித்துக் குதிக்காலை உயர்த்தி மெதுவாக இறக்குவது, இதுவும் பத்து. பின்னர் ஒற்றைக்காலில் நிற்பது. முதலில் ஒரு விரலால் சுவரைத் தொட்டபடி, பிறகு தொடாமல், 30 விநாடி வரை. அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரம் இதற்குப் போதும். முதல் நாள் ஆறு விநாடி நின்ற அக்கா, இரண்டு மாதம் கழித்து மட்டையைத் தூக்கிக்கொண்டு வலைக்கருகே வந்துவிட்டார். பந்தைத் தவறவிட்டால் இன்னும் அடுத்தவரைத்தான் ஏசுகிறார்.

எல்லோரும் தாமாக இவற்றைத் தொடங்கிவிடவும் கூடாது. முன்பாதத்தில் நின்றபோதும் வளைவு தோன்றாத இறுகிய தட்டைப் பாதம், நோவுடன் கூடிய பாதம், ஒரு காலில் மட்டும் அண்மையில் தாழ்ந்த வளைவு ஆகியவற்றை வைத்தியரிடம் காட்ட வேண்டும். காலில் ஷெல் துண்டு இருப்பவர்கள், காயத்தால் நரம்பு பாதிக்கப்பட்டவர்கள், செயற்கைக் கால் அணிபவர்கள் முதலில் வைத்தியசாலையின் இயன்மருத்துவரைச் சந்தியுங்கள். அவர்களுக்கும் சமநிலைப் பயிற்சி உண்டு. ஆனால் அது அவரவர் உடலுக்கேற்ப அமைய வேண்டும். நீரிழிவு உள்ள சகோதரிகள் வெறுங்காலுடன் விளையாடவே வேண்டாம். உணர்வு குறைந்த பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது. விளையாடி முடிந்ததும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் படுக்கைக்குப் போங்கள்.