கூப்பன் அரிசியும் ஏழையின் அடுப்பும்

மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் மணிமேகலை பெற்ற அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது. ஆதிரை இட்ட முதற் பிச்சையோடு நிறைந்த அப்பாத்திரம் காயசண்டிகையின் தீராப் பசியையும் தீர்த்தது என்று காப்பியம் கூறுகின்றது. ஆனால், அரசாங்கத்தின் களஞ்சியம் அமுதசுரபியன்று, அள்ளினால் குறையும். குறையும்போது யாருடைய பங்கில் முதலிற் கை வைப்பது? நம் இலங்கைத் திருநாட்டில் இக்கேள்வி பலமுறை எழுந்துள்ளது. அதன் விளைவை முதலில் உணர்ந்தது ஏழை வீட்டு அடுப்பேயாகும். அந்த வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், பர்மா யப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அப்பொழுது தோன்றியதே கூப்பன் முறை. செல்வர், வறியர் என்ற வேறுபாடின்றி ஒவ்வொருவருக்கும் கூப்பன் புத்தகம். கடையில் அளந்து கொடுக்கும் அரிசி. போர் ஓய்ந்த பின்னும் இம்முறை ஓயவில்லை. வெளிநாட்டிலிருந்து கூடிய விலைக்கு வாங்கிய அரிசியை அரசாங்கம் குறைந்த விலைக்கு விற்றது. இடையிலுள்ள நட்டத்தைத் திறைசேரி ஏற்றது. இதனையே உணவு மானியம் என்கிறோம். 1945இல் வந்த இலவசக் கல்வியும், இலவச வைத்தியமும் இதனோடு சேர்ந்தன. வருமானம் குறைந்த நாடாயிருந்தும், எழுத்தறிவிலும் ஆயுளிலும் இலங்கை பல நாடுகளை முந்தி நின்றதற்கு இவையெல்லாம் காரணங்களாகும்.

முதற் பெரும் வெட்டு 1953இல் விழுந்தது. கொரிய யுத்தத்தால் உயர்ந்திருந்த றப்பர் விலை சரிந்தது. அரிசி விலையோ ஏறியது. திறைசேரி தள்ளாடியது. அவ்வாண்டு யூலை மாதத்தில் நிதி அமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனா, கொத்து ஒன்று 25 சதமாயிருந்த கூப்பன் அரிசியை 70 சதமாக்கினார். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால். துப்பாக்கிச் சூட்டிற் பலர் மாண்டனர். அவசரகால நிலை பிரகடனமாயிற்று. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலே அமைச்சரவை கூடியது என்றால், நிலைமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். பின்னர் கொத்தரிசி 55 சதமாகக் குறைக்கப்பட்டது.

அதன்பின் அரிசி என்றாலே ஆட்சியாளர் அஞ்சினர். எனினும் வெட்டுகள் நிற்கவில்லை. 1966இல் இரண்டு கொத்து ஒரு கொத்தாயிற்று. ஆனால் அதனை இலவசமாகவே வழங்கினர். 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் தானிய விலை ஏற, பங்கீடு மேலும் சுருங்கியது. மரவள்ளிக்கிழங்கு பலருக்கு உயிர் காத்தது. பயிரிடச் சொந்த நிலமற்ற மலையகத் தோட்டத் தொழிலாளருக்கோ அந்த வழியும் இல்லை. 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் திடீரென உயர்ந்தது.

நாம் ஆழ்ந்து நோக்கவேண்டியது 1979ஆம் ஆண்டின் மாற்றத்தையாகும். முதலில், 1978இல், மாத வருமானம் 300 ரூபாவுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டும் கூப்பன் என்றனர். மறு ஆண்டு செப்டெம்பரில் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, எட்டு முதல் பன்னிரண்டு வரை 20 ரூபா, அதற்கு மேற்பட்டோருக்கு 15 ரூபா. தாய், தந்தை, பாட்டி, பத்து வயதுப் பெண், ஐந்து வயதுப் பையன் உள்ள குடும்பமொன்றைக் கணக்கிடுவோம். மாதம் 90 ரூபா. தேவையுள்ளவருக்கே உதவி என்பது கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

குறை எங்கே? கொத்து என்பது அளவு; ரூபா என்பது விலை. சந்தையில் விலை ஏறினாலும் ஒரு கொத்து ஒரு கொத்துத்தான். ஆனால் 90 ரூபா முத்திரை விலை ஏற ஏற உருகும் மெழுகுதிரி. முத்திரையின் பெறுமதியை விலைவாசியோடு உயர்த்தவில்லை. 1982 அளவில் அதன் வாங்கும் வலு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. எவரும் பங்கீட்டை வெட்டியதாக அறிவிக்கவில்லை, ஹர்த்தாலும் இல்லை. ஆயினும் மிக வறியவரின் தட்டில் உணவு குறைந்தது. இன்னொரு குறையும் உண்டு. கூலி வேலை செய்பவர், சிறு வியாபாரி ஆகியோரின் உண்மை வருமானத்தை அளப்பது கடினம். சம்பளப் பட்டியலிற் பெயருள்ள தோட்டத் தொழிலாளியின் வருமானமோ எல்லோருக்கும் தெரிந்தது. ஆகவே தகுதியற்ற பலர் உள்ளே நிற்க, வறிய தோட்டக் குடும்பங்கள் பல வெளியே நின்றன.

இவ்வாறு குறையும் உணவை வீட்டில் யார் தாங்குகிறார்? கடைசியாக உண்ணும் தாய் முதலிற் குறைத்துக்கொள்கிறாள். பின் பால்மாவும் முட்டையும் நிற்கின்றன. தாய் கூலி வேலைக்குப் போக, தம்பியைப் பார்க்க மூத்த பெண் வீட்டில் நிறுத்தப்படுகிறாள். வரவுப் புத்தகத்தில் அவளுடைய பெயருக்கு நேரே ஒரு கோடு மட்டும் விழுகிறது. திறைசேரியின் கணக்கில் அது சேமிப்பு. அவளுடைய வாழ்வில் அது இழப்பு.

அரசாங்கத்தின் பக்கத்தையும் கூறாவிடின் நீதியாகாது. வசதியுள்ளோரும் மலிவு அரிசி வாங்கினர். கடன் வாங்கி என்றென்றும் உண்ண இயலாது. 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நாடு தத்தளித்ததை நாமே கண்டோம். சமையல் வாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நின்ற வரிசைகளை மறப்போமா? 2023இல் அஸ்வெசும என்ற புதிய உதவித் திட்டம் தொடங்கியபோது, பட்டியலில் தம் பெயர் இல்லையென இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தனர். பழைய கேள்வி புதிய உருவில் மீண்டும் வந்திருக்கிறது.

விடையை எங்கே தேடுவது? பாலைநிலத்தில் ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த நம் ஆண்டவர், எஞ்சிய துண்டுகளை வீணாக்காது சேர்க்கும்படி சீடருக்குச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. சிக்கனம் அவருக்கும் உடன்பாடே. ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் எல்லோரும் வயிறார உண்டனர், அதன் பின்னரே கூடை எடுக்கப்பட்டது. சிறுவன் ஒருவன் கையிலிருந்த ஐந்து அப்பத்தையும் பிடுங்கிச் சேமிப்புத் தொடங்கப்படவில்லை.

தவக்காலத்தில் நாம் உண்டியலில் இடும் காசு நல்லதே. அதனோடு நம் கடமை முடிந்துவிடாது. நாளை நம்மில் ஒருத்தி கிராம அலுவலராகலாம், ஒருத்தி கணக்காளராகலாம், ஒருத்தி பாராளுமன்றத்திலும் அமரலாம். அன்று ஒரு பட்டியலிலிருந்து பெயரொன்றை வெட்டப் பேனாவை எடுக்கும்போது, அப்பெயருக்குப் பின்னால் ஓர் அடுப்பு உண்டு என்பதை நினைப்போமாக. அதுவரை, இடைவேளையில் உணவுப் பொட்டலம் இல்லாமல் தண்ணீர்க் குழாயை நாடும் தோழியைக் காணும் கண்ணையாவது இறைவன் நமக்கு அருள்வாராக.