1996 முதல் யாருக்கும் எட்டாத 98.48

2025 மே 16 அன்று தோஹாவில் நீரஜ் சோப்ராவின் ஈட்டி 90.23 மீட்டரில் குத்தி நின்றது. "தொண்ணூறு எப்போது?" என்று ஆண்டுக்கணக்கில் அவரைத் துளைத்தெடுத்தவர்கள் அன்றோடு வாயடைத்துப் போனார்கள். அந்தச் சமயத்தில் அவருக்குப் பயிற்சியாளராக இருந்தவர் யான் ஜெலெஸ்னி. செக் நாட்டுக்காரர், வயது 58. நீரஜ் பாடுபட்டு ஒருமுறை தொட்ட தொண்ணூறை வாடிக்கையாகத் தாண்டிக்கொண்டிருந்தவர். 1996 மே 25 அன்று ஜெர்மனியின் யேனா நகரில் அவர் எறிந்த 98.48 மீட்டர்தான் இன்றும் உலக சாதனை.

அதை நெருங்கியவர் ஒரே ஒருவர். ஜெர்மனியின் யோஹன்னஸ் வெட்டர் 2020-இல் போலந்தில் 97.76 எறிந்தார், 72 சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. பாரிஸ் ஒலிம்பிக்கில் எல்லோரையும் வியக்கவைத்த பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் எறிந்தது 92.97. ஜெலெஸ்னியின் தூரத்துக்கு அதிலிருந்தே இன்னும் ஐந்தரை மீட்டர் போக வேண்டும்.

ஆனால் பழைய பட்டியல்களைப் புரட்டினால் 98.48 பெரிய தூரமாகவே தெரியாது. 1984-இல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 104.80 எறிந்திருக்கிறார். அப்படியானால் ஜெலெஸ்னியிடம் என்ன விசேஷம்? அதைச் சொல்ல ஈட்டியின் கதையையும் சொல்லியாக வேண்டும்.

ஆண்கள் எறியும் ஈட்டியின் எடை 800 கிராம். அந்தக் காலத்து ஈட்டி காற்றில் மிதந்தது. நுனி கீழே சாயாமல் நெடுந்தூரம் போய், கடைசியில் வயிறு தரையில் படும்படி விழும். முதலில் தரையைத் தொட்டது நுனியா, நடுப்பகுதியா என்று நடுவர்களுக்கும் வீரர்களுக்கும் ஓயாத தகராறு. போதாக்குறைக்கு ஹோனின் எறி. இப்படியே போனால் ஈட்டி மைதானத்தைத் தாண்டி எதிர்ப்பக்க ஓடுபாதையில் போய் விழும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. 1986-இல் விதி மாறியது. ஈட்டியின் எடை மையத்தை நான்கு சென்டிமீட்டர் முன்னால் தள்ளினார்கள். நுனி சீக்கிரமே கீழ்நோக்கித் திரும்பியது. ஈட்டி தரையில் ஒழுங்காகக் குத்தியது. உலக சாதனை 104.80-லிருந்து 85.74-க்கு இறங்கியது.

விதி என்று வந்தால் வழியும் பிறக்குமே. 1976 ஒலிம்பிக் சாம்பியன் மிக்லோஷ் நேமெத், ஹங்கேரிக்காரர், வால்பகுதியைச் சொரசொரப்பாக்கி ஒரு ஈட்டியைச் செய்தார். பின்னால் காற்றின் இழுவை கூடியதால் நுனி சாய்வது தாமதமானது. பறிபோன மீட்டர்கள் திரும்பி வந்தன. 1990-இல் ஜெலெஸ்னி 89.66 எறிந்தார். மறு ஆண்டு பின்லாந்தின் செப்போ ராட்டி 96.96 வரை போனார். சர்வதேச தடகள சம்மேளனம் விழித்துக்கொண்டு 1991-இல் சொரசொரப்பு வாலுக்குத் தடை போட்டது. அந்த ஈட்டிகளால் வந்த சாதனைகளையும் ஒரேயடியாக நீக்கியது. ஜெலெஸ்னியின் 89.66-ம் அதில் போயிற்று. 1992-இல் ஆஸ்லோவில் 94.74 எறிந்தார், அந்த ஈட்டியும் விதிக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள்.

வேறொருவராக இருந்தால் சலித்துப்போயிருப்பார். 1993 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்ஸ்பர்க்கில், யாரும் குறை சொல்ல முடியாத ஈட்டியைக் கொண்டு 95.54 எறிந்தார் ஜெலெஸ்னி. மறுக்கப்பட்ட தூரத்தைவிட 80 சென்டிமீட்டர் அதிகம். ஆகஸ்டில் ஷெஃபீல்டில் 95.66. பிறகு யேனா. ஈட்டியின் தயவில் வந்த தூரம் அல்ல என்பதற்கு இந்த வரிசையைவிடச் சாட்சி தேவையில்லை.

ஆளைப் பார்த்தால் நம்ப முடியாது. உயரம் 1.86 மீட்டர், எடை 88 கிலோ. எறிதல் போட்டிகளில் நிற்கும் மலைபோன்ற உருவங்களுக்கு நடுவே இவர் ஓட்டப்பந்தயத்துக்கு வந்தவர்போல இருப்பார். ஈட்டியின் தூரத்தைத் தீர்மானிப்பதில் முதலிடம் கையை விட்டுக் கிளம்பும் வேகத்துக்குத்தான். அந்த வேகம் புஜத்தில் பிறப்பதில்லை. முப்பது மீட்டர் அளவுக்கு ஓடி வருபவர் கடைசி அடியில் இடது காலை முட்டி மடங்காமல் முன்னால் ஊன்றுகிறார். உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்தக் காலில் இறங்குகிறது. கீழே கால் நின்றுவிட, இடுப்பு முன்னால் பாய்கிறது. அதன்பின் தோள், முழங்கை, கடைசியாக விரல்கள். சாட்டையைச் சொடுக்குவது போலத்தான்: அடிப்பக்கம் நின்றால்தான் நுனி பறக்கும். கை எவ்வளவு நேரம் பின்தங்கி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அவசரப்பட்டுக் கையை முன்னால் கொண்டுவருபவருக்குத் தூரமும் போகும், முழங்கையும் போகும். ஓடிவரும் வேகத்தை அந்தக் கடைசி அடிவரை சிந்தாமல் கொண்டுவருவதில் ஜெலெஸ்னிக்கு நிகர் இல்லை.

இந்தக் கையின் பேரில் அமெரிக்கர்களுக்கும் ஆசை வந்தது. 1996 ஒலிம்பிக்குக்காக அட்லாண்டா போனபோது, அங்குள்ள பிரேவ்ஸ் பேஸ்பால் அணி அவரைப் பந்து வீசச் சொல்லிச் சோதித்துப் பார்த்தது. அது கைகூடவில்லை. பேஸ்பாலுக்கு நஷ்டமா என்று தெரியாது, ஈட்டிக்கு லாபம்.

ஒலிம்பிக் வாழ்க்கை தோல்வியில்தான் தொடங்கியது. 1988 சியோலில் தகுதிச்சுற்றில் 85.90 எறிந்து மிரட்டியவர், இறுதிச்சுற்றில் 84.12-உடன் நின்றார். பின்லாந்தின் தாப்பியோ கோர்யுஸ் தன் கடைசி எறியில் 84.28 எறிந்து தங்கத்தைத் தட்டிச் சென்றார். இடைவெளி 16 சென்டிமீட்டர். அதன்பின் 1992 பார்சிலோனா, 1996 அட்லாண்டா, 2000 சிட்னி என்று மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் ஜெலெஸ்னிக்கே. பார்சிலோனாவில் முதல் எறியிலேயே கதையை முடித்துவிட்டார். செக்கோஸ்லோவாக்கியாவுக்காக அவர் வாங்கிய அந்தத் தங்கத்துக்குப் பிறகு சில மாதங்களில் அந்த நாடே இரண்டாகப் பிரிந்துவிட்டது.

மூன்றில் சிட்னிதான் பெரியது என்பேன். 1998-இல் தோளில் பட்ட காயம் சாமானியமானதல்ல. அத்தோடு ஆட்டம் முடிந்தது என்றுதான் பேசிக்கொண்டார்கள். சிட்னியில் பிரிட்டனின் ஸ்டீவ் பேக்லி இரண்டாம் சுற்றில் 89.85 எறிந்து ஒலிம்பிக் சாதனை படைத்தார். அடுத்த சுற்றிலேயே ஜெலெஸ்னி 90.17. பேக்லியைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. இன்னொரு காலத்தில் பிறந்திருந்தால் அவருக்கு ஒலிம்பிக் தங்கம் உறுதி. 2001-இல், 35 வயதில், ஜெலெஸ்னி எட்மண்டனில் 92.80 எறிந்து மூன்றாம் முறையாக உலக சாம்பியன் ஆனார். உலக சாம்பியன்ஷிப் போட்டிகளில் அந்தத் தூரத்தையும் இன்னும் யாரும் தாண்டவில்லை. 2006-இல் நாற்பது வயதில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கிவிட்டு ஓய்வுபெற்றார்.

அப்புறம் பயிற்சியாளர் அவதாரம். பெண்களுக்கான உலக சாதனையான 72.28 மீட்டரை 2008-இல் எறிந்த பார்போரா ஷ்போட்டகோவா அவரிடம் பயின்றவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் நீரஜ் தங்கம் வென்றபோது வெள்ளி, வெண்கல மேடைகளில் நின்ற வாட்லெய்க், வெசெலி இருவரும் அவருடைய சீடர்களே. தன் சீடர்களைத் தோற்கடித்த இளைஞனுக்கே 2024 நவம்பரில் அவர் பயிற்சியாளரானார். இதில் இன்னொரு வேடிக்கை: 2018-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றபோது நீரஜுக்குப் பயிற்சியாளர் அந்த 104.80 உவே ஹோன். பழைய ஈட்டியின் சாதனையாளர், புதிய ஈட்டியின் சாதனையாளர் இருவரிடமும் பாடம் கேட்டவர் நீரஜ்.

2025 செப்டம்பரில் டோக்கியோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் நீரஜ் எட்டாவது இடத்துக்குப் போய்விட்டார். தங்கம் வென்றவர் டிரினிடாடின் கெஷார்ன் வால்காட். அவர் எறிந்தது 88.16 மீட்டர். 1996-இல் அட்லாண்டாவில் ஜெலெஸ்னிக்குத் தங்கம் வாங்கித்தந்ததும் சென்டிமீட்டர் பிசகாமல் அதே 88.16-தான்.