இலை மட்டும் போதுமா?

லால்பாக் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் பெங்களூரில் ஒரு சின்ன வியாபாரம் சூடு பிடிக்கும். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை கூடும் கூட்டம், 1889-ல் எழுந்த கண்ணாடி மாளிகையைச் சுற்றிவிட்டு நர்சரிக் கடைகள் பக்கம் ஒதுங்குகிறது. திரும்பும்போது கையில் ஒரு பை, பையில் நாலைந்து கிழங்குகள். பெரும்பாலும் கிளாடியோலஸ். அதிர்ஷ்டம் இருந்தால் அதன் சிவப்பு-ஆரஞ்சு நிற உறவுக்காரியான குரோகாஸ்மியா. முதல் ஆண்டு தொட்டி நிறையப் பூ. இரண்டாம் ஆண்டு வாள் வாளாக இலை மட்டும். மூன்றாம் ஆண்டு அதே தொட்டியில் கொத்தமல்லி.

பழி மண்ணின் மீதும் உரக்கடைக்காரர் மீதும் விழுகிறது. ஆனால் கோளாறு பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில்தான்.

சேப்பங்கிழங்கு உரித்துப் பழகியவர்களுக்கு விஷயம் சுலபமாகப் பிடிபடும். இவையும் வெங்காயம்போல அடுக்கடுக்கானவை அல்ல. சதைப்பற்றுள்ள தண்டின் அடிப்பகுதி. கிளாடியோலஸ் பூக்கும்போது நட்ட கிழங்கு தன் சேமிப்பையெல்லாம் செலவழித்துச் சுருங்கிவிடுகிறது. அதன் தலைமேல் புதுக் கிழங்கு ஒன்று உருவாகிறது. சுற்றிலும் மிளகு, பட்டாணி அளவில் குட்டிகள். அதாவது, தோண்டி எடுப்பது நட்ட கிழங்கையே அல்ல. அந்தப் புதுக் கிழங்கு கொழுக்குமா, சோனியாகுமா என்பதைத் தீர்மானிப்பது பூ முடிந்த பிறகு இலைகள் செய்யும் வேலை. ஜாடியில் வைக்கும் ஆசையில் பூந்தண்டை இலைகளோடு அடியில் அறுப்பதும், பூ முடிந்ததும் தண்ணீரை நிறுத்துவதும் அடுத்த ஆண்டுப் பூவை அறுப்பதற்குச் சமம். குறைந்தது நாலு இலையாவது செடியில் நிற்க வேண்டும். இலை பழுக்கும்வரை, ஆறு முதல் எட்டு வாரம், தண்ணீரும் கொஞ்சம் பொட்டாஷ் சத்தும் போக வேண்டும்.

குரோகாஸ்மியாவின் குணம் வேறு. பழைய கிழங்கு உடனே மறைந்துவிடாது. அதன்மேல் புதியது, அதற்கும் மேல் இன்னொன்று என்று மாடிமேல் மாடி கட்டுகிறது. போதாக்குறைக்குப் பக்கவாட்டில் ஓடுதண்டு விட்டு அங்கும் குடும்பம் நடத்துகிறது. இரண்டு, மூன்று ஆண்டுகளில் தொட்டிக்குள் மண்ணைவிடக் கிழங்கு அதிகம். நெரிசலில் பூ ஒதுங்கிக்கொள்கிறது.

வைத்தியம், தொட்டியைக் கவிழ்ப்பதுதான். இலை காய்ந்த பிறகு மண் கட்டியை உதிர்த்தால் மணிமாலைபோலச் சங்கிலிகள் வரும். இங்கே பேராசைப்பட்டு எல்லாவற்றையும் ஒற்றை ஒற்றையாகப் பிய்ப்பவர்களுக்கு ஐம்பது செடி கிடைக்கும், ஒரு பூ கிடைக்காது. மேல் கிழங்கோடு அதன் கீழே ஒன்றிரண்டைச் சேர்த்தே விட்டால் அந்த ஆண்டே பூக்க வாய்ப்பு உண்டு. அடியில் கிடக்கும் கிழடுகளும் முளைக்கும். தனித் தொட்டிக்கு அனுப்பி, பூவுக்கு மறு ஆண்டுவரை பொறுக்க வேண்டும். பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு ஐந்தாறு போதும். நாலு விரல்கடை ஆழம், செம்மண்ணோடு மணலும் மக்கிய எருவும், அடைபடாத அடித்துளை, அரை நாளாவது நேர் வெயில். இந்தச் சின்னக் கிழங்குகள் வெளியே கிடந்தால் வற்றிப்போகும். பிரித்த கையோடு நட்டுவிடுவதே நல்லது.

வேடிக்கை என்னவென்றால், இதே செடி வேறு ஊரில் ரவுடி. தென்னாப்பிரிக்க இனங்கள் இரண்டை இணைத்து, பிரான்சின் நான்சி நகரில் 1880-ஐ ஒட்டி விக்டர் லெமுவான் உருவாக்கிய கலப்பினம் அது. இன்று இங்கிலாந்தில் அதைக் காட்டில் பரவ விடுவது சட்டப்படி குற்றம். அங்கே சட்டம் போட்டு அடக்குகிறார்கள். இங்கே மொட்டை மாடியில் கெஞ்சவேண்டியிருக்கிறது.

கிளாடியோலஸை அப்படி உடனே நட முடியாது. தோண்டிய கிழங்கு உறங்கப் போய்விடும். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் எழாது. நிழலில் உலர்த்தி, அழுகலும் மென்மையும் உள்ளதைக் கழித்துவிட்டு, 4, 5 டிகிரி குளிரில் மூன்று மாதம் வைத்தால் உறக்கம் சீராகக் கலையும். வியாபாரிகளுக்குக் குளிர்கிடங்கு இருக்கிறது. வீட்டுக்காரர்களுக்கு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டு. காகிதப் பையில் வைக்க வேண்டும். பக்கத்தில் பழுக்கும் பழங்கள் கூடாது. நடும் முன் கார்பென்டாசிம் கரைசலில் அரை மணி நேரம் முக்கினால் வாடல் நோய்ப் பூஞ்சணம் கொஞ்சம் அடங்கும்.

கிழங்கு வாங்குபவர்கள் ரகத்தையும் கேட்டு வாங்கலாம். நகருக்கு வெளியே ஹெசரகட்டாவில் 1967 முதல் இயங்கிவரும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களுக்குப் பெயர்களே சினிமா நாயகிகள் மாதிரி: மீரா, நஸ்ரானா, பூனம், சப்னா, ஷோபா. இதில் மீரா வெள்ளை. ஷோபா, கதிரியக்கத்தால் மரபணு மாறிப் பிறந்த இளஞ்சிவப்பு.

நட்டதிலிருந்து பூக்க ஏறக்குறைய மூன்று மாதம். ஜனவரி கண்காட்சி நேரத்தில் வீட்டிலும் பூ வேண்டுமானால் அக்டோபர் நடுவில் கிழங்கு மண்ணுக்குள் போக வேண்டும். பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தொட்டிகளாக நட்டால் பூ ஒரே வாரத்தில் தீர்ந்துவிடாது. அந்தப் பட்டாணிக் குட்டிகளைக் குப்பையில் போட வேண்டியதில்லை. அகலமான தட்டில் விதைபோலத் தூவி மண் மூடினால் முதல் பருவத்தில் புல் மாதிரி இலை வரும். இரண்டு, மூன்று பருவத்தில் பூக்கும் அளவுக்குக் கிழங்கு தேறிவிடும்.