பச்சை உப்பும் உயிரணுவின் வாயில்களும்

தாயில்பட்டியிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் 'மருந்து' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மருத்துவமனையில் நாங்கள் எழுதித் தருவது ஒன்று. பட்டாசுத் தொழிலில் கலந்து செலுத்தப்படுவது மற்றொன்று. புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் ஒருவர், தாம் மருந்து அறையில் வேலை பார்ப்பதாகச் சொன்னால், அவர் மருந்துக்கடை ஊழியர் அல்லர் என்பது விருதுநகர் மாவட்டத்தில் எல்லோருக்கும் புரியும். அந்த இரண்டாவது மருந்தில் கலக்கப்பட்டு வந்த ஓர் உப்பைப் பற்றியும், அது உடலுக்குள் சென்றால் என்ன செய்கிறது என்பதைப் பற்றியும் இவ்விதழில் விளக்க விரும்புகிறோம்.

மத்தாப்பிலும் புஸ்வாணத்திலும் பச்சை ஒளியைத் தருவது பேரியம் என்னும் தனிமம். அதன் நைட்ரேட் உப்பே இப்பகுதியில் 'பச்சை உப்பு' எனப்படுகிறது. பெயர்தான் பச்சை, பார்வைக்கு அது சமையலறை உப்பைப் போல வெண்மையானது. பட்டாசுகளில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. 2021 அக்டோபரில் அத்தடையை மீண்டும் வலியுறுத்தியது. தொழிலைப் பற்றிய வழக்குகளுக்குள் நாங்கள் செல்லவில்லை. இந்த உப்பும் இது சேர்ந்த பழைய பட்டாசுகளும் ஏதேனும் ஒரு வீட்டின் மூலையில் இருக்கும் வரை, அது ஒரு குழந்தையின் வாய்க்குள் சென்றுவிடக் கூடும் என்பதே மருத்துவர்களாகிய எங்கள் கவலை.

சுவரும் வாயில்களும்

நமது உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்திருக்கிறது. சோடியம், பொட்டாசியம் போன்ற மின்னேற்றம் கொண்ட துகள்களை அயனிகள் என்கிறோம். இவை அக்கொழுப்புச் சுவரைத் தாமாகக் கடக்க இயலாது. இவை உள்ளே வரவும் வெளியே செல்லவும் சவ்வில் பதிந்துள்ள புரதங்களே வாயில்களாக அமைகின்றன.

இவ்வாயில்கள் எப்போதும் திறந்து கிடப்பவை அல்ல. சில, தமக்குரிய மூலக்கூறு வந்து ஒட்டினால் மட்டுமே திறக்கும். நாம் விரலை மடக்க நினைக்கும்போது, நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் பொருள் சுரக்கிறது. அதன் இரண்டு மூலக்கூறுகள் தசையணுவின் சவ்விலுள்ள புரதத்தில் அமர்ந்ததும் அப்புரதம் சற்றே வடிவம் மாறுகிறது, வாயில் திறக்கிறது, சோடியம் உள்ளே பாய்கிறது, தசை சுருங்குகிறது. இவை யாவும் நொடியின் ஒரு சிறு பங்குக்குள் முடிந்துவிடுகின்றன. நல்ல பாம்பின் நஞ்சு இதே புரதத்தில், அசிட்டைல்கோலின் அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. வாயில் திறப்பதில்லை. பாம்பு கடித்தவருக்கு இமை தாழ்வதும் மூச்சுத் திணறுவதும் இதனால்தான்.

ஆக, உயிரணுவின் வாயில்கள் வருவோரை 'அடையாளம்' காண்பது கண்ணால் அன்று. வடிவத்தாலும் அளவாலும் மின்னேற்றத்தாலும் ஆகும். இவை ஒத்திருந்தால், அயலான பொருளும் அங்கு இடம் பிடித்துவிடும்.

பொட்டாசியத்தின் தனி வழி

பொட்டாசியம் செல்வதற்கென்று தனி வாயில்கள் உண்டு. சோடியம் பொட்டாசியத்தை விடச் சிறியது. எனினும் அவ்வழியே அதனால் எளிதில் செல்ல முடிவதில்லை. பெரியது செல்லும் துளையில் சிறியது செல்லாதது ஏன் என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1998-ஆம் ஆண்டு ராடெரிக் மெக்கின்னன் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடைய குழுவினரும், ஒரு நுண்ணுயிரியின் பொட்டாசிய வாயிலை எக்ஸ் கதிர்களின் துணையால் அணு அணுவாகப் படம் பிடித்து இதற்கு விடை கண்டனர். 2003-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்கும், நீர் செல்லும் வாயில்களைக் கண்டறிந்த பீட்டர் அக்ரிக்கும் வழங்கப்பட்டது. இருவருமே மருத்துவம் பயின்றவர்கள்.

அவர்கள் கண்டது இதுதான். நீரில் இருக்கும் ஒவ்வோர் அயனியும் நீர் மூலக்கூறுகளைப் போர்வை போலப் போர்த்தியிருக்கிறது. வாயிலின் மிகக் குறுகிய பகுதியைக் கடக்க வேண்டுமானால் அப்போர்வையைக் களைய வேண்டும். அங்கே வரிசையாக நிற்கும் ஆக்சிஜன் அணுக்கள், பொட்டாசியத்தின் அளவுக்கு மிகச் சரியாகப் பொருந்தி, இழந்த போர்வைக்கு ஈடு செய்கின்றன. சோடியம் சிறியது என்பதால் அந்தப் பிடிப்பு அதற்குக் கிடைப்பதில்லை. பன்னிரண்டாம் எண் ஸ்பேனரில் பத்தாம் எண் நட்டு பிடிபடாமல் வழுக்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதே நிலைதான். சரியாகப் பொருந்தும் பொட்டாசியமோ, இத்தகைய ஒரே வாயில் வழியாக நொடிக்குப் பத்துக் கோடி வரை கூடச் செல்ல வல்லது.

பேரியம் செய்யும் தீங்கு

பேரியம் அயனியின் அளவு ஏறத்தாழப் பொட்டாசியத்தின் அளவேதான். எனவே வாயில் அதற்கும் இடம் தருகிறது. ஆனால் பொட்டாசியத்துக்கு ஒரு மின்னேற்றம், பேரியத்துக்கு இரண்டு. அதனால் ஆக்சிஜன் அணுக்கள் அதனை இறுகப் பற்றிக்கொள்கின்றன. உள்ளே வந்த பேரியம் கடந்து செல்லாமல் வழியிலேயே தங்கிவிடுகிறது. பின்னால் வரும் பொட்டாசியத்துக்கு வழி அடைபடுகிறது.

இதன் விளைவை விளக்க, வீட்டின் தண்ணீர்த் தொட்டிகளை எண்ணிப் பாருங்கள். இரத்தம் கீழ்த்தொட்டி, உயிரணு மேல்தொட்டி. பொட்டாசியத்தை இரத்தத்திலிருந்து உயிரணுவுக்குள் ஏற்றும் பம்பு ஒன்று சவ்வில் உண்டு. ஒவ்வொரு முறையும் மூன்று சோடியத்தை வெளியேற்றி, இரண்டு பொட்டாசியத்தை அது உள்ளே எடுக்கும்; இரவும் பகலும் நிற்பதில்லை. ஏறியது மீண்டும் வழிந்து கீழே வருவது பொட்டாசிய வாயில்கள் வழியேதான். பேரியம் அவற்றை அடைத்துவிட்டால், பம்பு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கீழ்த்தொட்டி வற்றத் தொடங்கும். இரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய பொட்டாசியம், சில மணி நேரத்திலேயே 2-க்கும் கீழே இறங்கிவிடலாம். அதே வேளையில், வாயில் அடைபட்ட தசையணுக்கள் தமது மின்சமநிலையை இழந்து, நரம்பின் கட்டளைக்கு இணங்காமல் போகின்றன. இதயமும் தசையே, ஆகவே அதன் துடிப்பும் தாளம் தவறுகிறது.

இது நமது வட்டாரத்துக்கு மட்டும் உரியது அன்று. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் திடீரெனக் கை கால்கள் செயலிழக்கும் 'பா பிங்' என்னும் நோய் மக்களை வருத்தி வந்தது. அவர்கள் உண்ட உப்பில் பேரியம் குளோரைடு கலந்திருந்ததே காரணம் என்பதை 1940-களில் மருத்துவர்கள் கண்டறிந்தனர்.

அறிகுறிகளும் முதல் மணி நேரமும்

பேரியம் உப்பை விழுங்கியவருக்கு முதலில் வருபவை வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, வாயைச் சுற்றி மதமதப்பு ஆகியவை. 'ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று குடும்பத்தார் எண்ணி வீட்டிலேயே வைத்திருக்கும் ஆபத்தான நேரம் இதுதான். அடுத்த சில மணி நேரத்தில் கால்கள் தளரும், பிறகு கைகள், பிறகு கழுத்து, இறுதியில் மூச்சுத் தசைகள்.

எனவே, பட்டாசையோ அதன் மருந்தையோ ஒருவர் விழுங்கியதாக ஐயம் எழுந்தால், அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். விரலை விட்டோ உப்புநீர் கொடுத்தோ வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். பொட்டாசியம் உள்ளது என்பதற்காக இளநீரோ வாழைப்பழமோ கொடுத்துப் பார்க்க வேண்டாம். அவை இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டா. மீதமுள்ள பொருளையோ அதன் உறையையோ ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையைச் சொல்லுங்கள். வீட்டில் அப்பொருள் இருந்ததைச் சொன்னால் தொல்லை வருமோ என்ற அச்சமும், மனவேதனையில் ஒருவர் தாமே விழுங்கியதைச் சொல்வதற்குக் கூச்சமும் எழுவது இயல்பே. எங்களுக்கு அது சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதற்கான செய்தி. பொட்டாசியம் குறைந்து கை கால் தளர்வதற்கு வேறு பல காரணங்களும் உண்டு. சரியானதைத் தேடுவதில் இழக்கும் நேரத்தை நீங்கள் சொல்லும் ஒரு சொல் மிச்சப்படுத்தும்.

சிகிச்சை அறையில் நடப்பவை

இதயத் துடிப்பைத் திரையில் தொடர்ந்து கவனித்தபடி, நரம்பு வழியே பொட்டாசியத்தை ஏற்றுகிறோம். வயிற்றில் எஞ்சியுள்ள பேரியத்தைப் பிடிக்க மெக்னீசியம் சல்ஃபேட்டை வாய் வழியாகவோ குழாய் வழியாகவோ தருவதுண்டு. அது பேரியத்தைக் கரையாத பேரியம் சல்ஃபேட்டாக மாற்றிவிடுகிறது. கரையாதது வாயில்களை எட்டாது, மலத்துடன் வெளியேறிவிடும். நிலைமை கடுமையானால் டயாலிசிஸ் உதவும்.

"ஏன் இத்தனை முறை இரத்தம் எடுக்கிறீர்கள்?" என்று உறவினர்கள் கேட்பதுண்டு. பேரியம் உடலை விட்டு நீங்க நீங்க, வாயில்கள் திறந்து, உள்ளே அடைபட்டிருந்த பொட்டாசியம் வெளியே வரும். அந்நேரத்தில் நாங்கள் ஏற்றிய அளவும் சேர்ந்து மிகையாகிவிட்டால், அதுவும் இதயத்துக்கு ஆபத்து. ஆகவேதான் மீண்டும் மீண்டும் அளந்து பார்க்கிறோம்.

மூச்சுத் தசைகள் தளர்ந்தவருக்குச் செயற்கைச் சுவாசக் கருவி பொருத்த நேரலாம். இதனைக் கண்டு நம்பிக்கை இழக்காதீர்கள். பேரியம் தாக்குவது தசைகளை, அறிவை அன்று. தூக்க மருந்து தரப்படாத வேளையில், அசையாமல் படுத்திருப்பவர் உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். அருகில் செல்ல அனுமதி கிடைக்கும்போது அவரது கையைப் பிடித்துப் பேசுங்கள். படுக்கையருகே நின்று அழுவதையும் பழி கூறுவதையும் தவிருங்கள். உரிய நேரத்தில் வந்தவர்களுக்குப் பொட்டாசியம் சீரடைந்ததும் வலிமை பெரும்பாலும் சில நாள்களில் திரும்பிவிடுகிறது. தசைகளில் நிலையான பாதிப்பு பொதுவாக எஞ்சுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வயிற்று எக்ஸ்ரே பரிசோதனைக்காகப் 'பேரியம்' குடிக்கச் சொன்னால், சிலர் அப்பெயரைக் கேட்டே அஞ்சுகிறார்கள். அங்கு தரப்படுவது மேலே சொன்ன கரையாத பேரியம் சல்ஃபேட். குடலில் துளை இருக்கலாம் என்ற ஐயம் உள்ளவர்களுக்கு அதைத் தருவதில்லை. மற்றவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஆலையிலிருந்து மருந்தையோ உப்பையோ வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். உப்பு, சர்க்கரை, மாவு வைக்கும் டப்பாக்களில் எந்த இரசாயனத்தையும் வைக்காதீர்கள். உண்பதற்கு முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். வேலை உடையை மாற்றிய பின் குழந்தைகளைத் தூக்குங்கள். வெடிக்காமல் மிஞ்சிய பட்டாசுகளைக் குழந்தைகள் பொறுக்கிச் சேர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனம் சோர்ந்திருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரைத் தனியே விடாமல், 14416 என்னும் டெலி மானஸ் எண்ணையோ 104 மருத்துவ உதவி எண்ணையோ அழைத்துப் பேச உதவுங்கள். இவ்விதழைப் படித்து முடித்ததும், மருந்து வேலைக்குச் செல்லும் அண்டை வீட்டாரிடம் கொடுங்கள். படிக்க இயலாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.