மோதிரத்துக்குள் நுழைந்த சால்வை

ஷாதூஷ் சால்வை விற்கும் கடைக்காரர் முதலில் ஒரு மோதிரத்தை எடுப்பார். இரண்டு மீட்டர் நீளச் சால்வையின் ஒரு முனையை அதற்குள் நுழைத்து இழுத்தால் முழுச் சால்வையும் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும். வாங்க வந்தவர் அதில் சொக்கி நிற்கும்போது ஒரு கதையும் சொல்வார்: திபெத்து மலையில் ஏதோ ஒரு விலங்கு புதரில் உடம்பைத் தேய்க்குமாம், முள்ளில் சிக்கிய முடியை ஊர்க்காரர்கள் பொறுக்கி வருவார்களாம்.

முழுப் பொய். அந்த ரோமம் சிரு என்னும் திபெத்திய இரலையுடையது. நாலாயிரம் மீட்டருக்கு மேலே, மரஞ்செடி அரிதான வெட்டவெளியில் வாழும் காட்டு விலங்கு. பிடித்துக் கட்டிவைத்து முடி கத்தரிக்க முடியாது. கொன்று, தோலை உரித்து, அடிரோமத்தைப் பிடுங்கினால்தான் உண்டு. ஒரு சால்வைக்கு மூன்று நான்கு உயிர். ஜார்ஜ் ஷாலர் போன்ற வனவிலங்கு ஆய்வாளர்கள் இதை அம்பலப்படுத்தும்வரை புதர்க் கதையே செல்லுபடியாயிற்று.

1980, 90களில் வேட்டைக்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். கன்று ஈன ஒன்றுகூடும் பெண் சிருக்களை, முகப்பு விளக்கு வெளிச்சத்தில் சுட்டார்கள். ஆண்டுக்கு இருபதாயிரம் வரை கொல்லப்பட்டதாக அன்றைய மதிப்பீடு. ரோமம் நெசவுக்காக எல்லை தாண்டி காஷ்மீர் வந்தது. சில வேளைகளில் அதற்கு ஈடாக இந்தியாவிலிருந்து போனது புலி எலும்பு. 1994 ஜனவரியில், சீனாவின் ஹோ ஷில் பகுதியில் வேட்டைக் கும்பலை மறித்த சோனம் தார்க்யே என்ற அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார்.

அப்போது சட்டம் இல்லாமலா இருந்தது? சைட்டிஸ் என்னும் பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தம் 1979லேயே சிருவை முதல் பட்டியலில் வைத்து வணிக இறக்குமதிக்குக் கதவடைத்தது. ஆனாலும் நியூயார்க்கிலும் பாரிஸிலும் ஷாதூஷ் விற்றது. லண்டனில் 1997இல் 138 சால்வைகள் பிடிபட்டன. வழக்கின் முடிவில் அபராதம் 1,500 பவுண்டு. ஒரு சால்வையின் விலைகூடத் தேறாது! ஜம்மு காஷ்மீருக்குத் தனி வனவிலங்குச் சட்டம் இருந்ததால், அங்கே நெசவு முழுத் தடைக்குள் வந்ததே 2002இல்தான்.

இன்று சுங்க அதிகாரி மோதிரத்தை நம்புவதில்லை. ஆட்டு ரோமத்தில் நெய்த நல்ல பஷ்மினாவும் மோதிரத்துக்குள் நுழையும். அவர் தேடுவது வேறு: எத்தனை சுத்தம் செய்தாலும் மென்ரோமத்தினூடே முரட்டு வெளிமயிர் ஒன்றிரண்டு தங்கிவிடும். அதை நுண்ணோக்கியில் வைத்தால் சிருவா, ஆடா என்று தெரிந்துவிடும். சுவிட்சர்லாந்து எல்லையில் அண்மை ஆண்டுகளிலும் பணக்காரர்களின் தோளிலிருந்தும் பெட்டியிலிருந்தும் ஷாதூஷை இப்படித்தான் பறிமுதல் செய்தார்கள்.

சிரு மீண்டது. 90களின் இறுதியில் எழுபதாயிரத்துக்கும் கீழே போன எண்ணிக்கை இப்போது மூன்று லட்சத்தை எட்டியிருப்பதாகச் சீன அரசு சொல்கிறது. 2016இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் அதை அழியும் நிலையிலிருந்து இரண்டு படி இறக்கியது. காவல், காப்பகங்கள், இறக்குமதித் தடை எல்லாம் சேர்ந்து கொடுத்த பலன். மனம் நிறைகிறது.

ஆனால் ஸ்ரீநகரின் நூற்புப் பெண்களையும் தறிக்காரர்களையும் நினைத்தால் அந்த நிறைவு குறைந்துவிடுகிறது. மனித முடியில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தடிமனில்லாத இழையை, அறுந்துவிடாமல் கையால் நூற்றவர்கள் அவர்கள். லாபம் வியாபாரிக்குப் போயிற்று; தடை வந்ததும் கூலி இவர்களுக்கு நின்றது. மாற்று வேலை தருவதாகச் சொன்னவை பெரும்பாலும் பேச்சோடு போயின. பஷ்மினாவுக்கு மாறியவர்களையும் சந்தேகம் விடவில்லை. ஏதோ ஒரு மயிர் கண்ணில் பட்டதென்று, ஏற்றுமதிக்குப் போகும் பஷ்மினாப் பொதிகள் தில்லி விமான நிலையத்தில் முடங்கியிருக்கின்றன. டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் இப்போது பஷ்மினாவுக்குச் சான்று தரும் ஆய்வகம் இருக்கிறது. அந்தச் சோதனை பெரிய ஏற்றுமதியாளருக்கு மட்டுமல்ல, ஒற்றைத் தறி வைத்திருப்பவருக்கும் கைக்கெட்டும் செலவில் ஸ்ரீநகரிலேயே கிடைக்க வேண்டும்.