ஒரே மேசையில் இரண்டு ஆலோசனை

நம் கல்லூரிகளில் ஒரு மாணவருக்கு வழிகாட்ட இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் வகுப்பு ஆலோசகர். டியூட்டர் என்றும் மென்டர் என்றும் சில கல்லூரிகளில் சொல்வார்கள். அட்டெண்டன்ஸ், இன்டர்னல் மார்க், அரியர், எலெக்டிவ் எல்லாம் அவர் பொறுப்பு. இன்னொருவர் பிளேஸ்மென்ட் ஆபீசர். கம்பெனிகளை வரவழைப்பது, ஆப்டிட்யூட் பயிற்சி, ரெஸ்யூமே, மாதிரி நேர்காணல் எல்லாம் அவர் பக்கம். முதலாமவரை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுகிறோம். இரண்டாமவரைப் பார்ப்பது பெரும்பாலும் படிப்பு முடியப்போகும் நேரத்தில்தான். நடுவில் எடுக்கிற முடிவுகள்தான் பின்னால் வேலைக்குத் துணையாகவோ தடையாகவோ வருகின்றன. அந்த நேரத்தில் வேலையைப் பற்றிக் கூடவே உட்கார்ந்து பேச ஆளில்லை.

இந்த இரண்டு ஆலோசனைகளையும் முதல் ஆண்டிலிருந்தே சேர்த்துத் தர வேண்டும். அது ஏன், எப்படி என்று பார்ப்போம்.

பிரித்து வைத்தால் என்ன நஷ்டம்?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையை எடுத்துக்கொள்வோம். அதில் துறைசார் எலெக்டிவ் பாடங்கள் 'வெர்ட்டிகல்' என்ற தொகுப்புகளாக வருகின்றன. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு டேட்டா சயின்ஸ், கிளவுட், சைபர் பாதுகாப்பு என்று தனித்தனித் தொகுப்புகள் உண்டு. ஒரே தொகுப்பில் ஆழமாகவும் போகலாம், பலவற்றிலிருந்து கலந்தும் எடுக்கலாம். கூடுதலாக 18 கிரெடிட் எடுத்து ஹானர்ஸ் அல்லது மைனர் பட்டம் வாங்கவும் வழி இருக்கிறது.

நடைமுறையில் நடப்பது வேறு. எலெக்டிவ் விருப்பப் படிவம் வகுப்புக்கு வருகிறது. மாலைக்குள் திருப்பித் தர வேண்டும். எந்தப் பாடத்தில் மார்க் சுலபம், யார் பாடம் எடுக்கிறார், நண்பன் எதில் டிக் அடித்தான் என்று பார்த்து எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வகுப்பு ஆலோசகர் பெயர்களைச் சரிபார்த்து அனுப்புகிறார். ஓராண்டு கழித்து நேர்காணலில், "இந்தப் பாடத்தை ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்கும்போது மாணவரிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைப் படிவம் வந்த அன்றே யாராவது கேட்டிருக்க வேண்டும்.

கலை, அறிவியல் கல்லூரியிலும் இதே கதைதான். பி.காம். படிக்கும் மாணவி சி.ஏ. ஆக விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வணிகவியல் பட்டதாரி 55 சதவீதம் வாங்கியிருந்தால் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேரடியாக இன்டர்மீடியட் நிலையில் சேரலாம். மற்றப் பட்டதாரிகளுக்கு அது 60 சதவீதம். 54 சதவீதத்தில் நிற்பவருக்கு இந்த விதி இரண்டாம் ஆண்டில் தெரிந்தால் மார்க்கைத் தேற்றிக்கொள்ளலாம். பட்டம் கையில் வந்தபிறகு தெரிந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். அவர் மார்க் வகுப்பு ஆலோசகருக்குத் தெரியும், சி.ஏ. விதி பிளேஸ்மென்ட் செல்லுக்குத் தெரியும். இரண்டும் ஓரிடத்தில் சேரவில்லை.

மேற்படிப்புக்கும் இது பொருந்தும். பி.எஸ்சி. முடித்து ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர உதவும் ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர் வாக்கிலேயே தொடங்கிவிடும். அதாவது இறுதியாண்டு தொடங்கிய சில மாதங்களில். எம்.டெக். சேர உதவும் கேட் தேர்வை இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். அந்த மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். இதைத் தாமதமாகக் கேள்விப்படும் மாணவர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கிறார்கள்.

நடுவில் விழுபவர்கள்

பிளேஸ்மென்ட் செல் இயல்பாகவே தகுதிப் பட்டியலில் இருப்பவர்களைத்தான் கவனிக்கும். பல கம்பெனிகள் 60 சதவீதம் கேட்கின்றன. நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்கின்றன. வகுப்பு ஆலோசகரோ அரியர் வைத்தவரிடம் அரியரைப் பற்றி மட்டும் பேசுகிறார். இரண்டு அரியரோடு, கையில் நல்ல தொழில் திறமையோடு இருக்கும் மாணவருக்கு இருவரிடமும் இடமில்லை.

"இந்த ஒரு பேப்பரை வரும் செமஸ்டரில் முடித்துவிட்டால் இன்னின்ன நேர்காணல்களுக்கு உட்காரலாம். முடியாவிட்டால் பட்டம் முடித்தபின் தரமணியில் இருக்கும் தென்மண்டல அப்ரன்டிஸ் பயிற்சி வாரியத்தின் வழியே தொழில் பழகலாம்" என்று அவரிடம் யார் சொல்வது? மார்க்கையும் வேலையையும் சேர்த்துப் பார்ப்பவரால்தான் சொல்ல முடியும். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இது இன்னும் அவசியம். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஆளில்லை, கல்லூரிதான் எல்லாம்.

தலைகீழான வரிசை

அமெரிக்கக் கல்வியாளர் டெர்ரி ஓபேனியன் 1972இல் மாணவர் ஆலோசனைக்கு ஐந்து படிகளை வகுத்தார். வாழ்க்கையில் என்ன வேண்டும், அதற்கு எந்தத் தொழில், அதற்கு எந்தப் படிப்பு, அதில் எந்தப் பாடங்கள், அவற்றை எந்த செமஸ்டரில் எடுப்பது. இதுதான் வரிசை.

நம் ஊரில் மூன்றாம் படி முதலில் வந்துவிடுகிறது. பதினேழு வயதில், 200க்கு எடுத்த கட்-ஆஃப் படிப்பைத் தீர்மானிக்கிறது. கவுன்சிலிங்கில் கிடைத்த இடத்தில் சேர்கிறோம். இது மாணவர்களின் குற்றமல்ல. ஆனால் முதல் இரண்டு கேள்விகளையும் கல்லூரிக்குள் வந்தபிறகாவது கேட்டாக வேண்டும். பாடத்தேர்வுக்கு உதவுபவரும் தொழிலுக்கு உதவுபவரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் அது நடக்கும்.

கல்லூரிகள் என்ன செய்யலாம்?

இரண்டு பிரிவுகளும் தனித்தனியாகவே இயங்குவதற்கு நிர்வாகக் காரணமும் உண்டு. 'நாக்' தரமதிப்பீட்டின் ஏழு அளவுகோல்களில் மென்டர் முறை கற்பித்தல் பகுதியில் வருகிறது. தொழில் வழிகாட்டுதல் மாணவர் ஆதரவுப் பகுதியில் வருகிறது. ஃபைல் இரண்டானதால் வேலையும் இரண்டாகிவிட்டது.

அதைச் சரிசெய்யப் புதுக் கட்டடமோ புது நியமனமோ தேவையில்லை. மூன்று காரியங்கள் போதும்.

ஒன்று, மாணவருக்கு ஒரே பதிவேடு. மார்க், அரியர், எலெக்டிவ், இன்டர்ன்ஷிப், எடுத்த திறன் பயிற்சி, போக விரும்பும் துறை எல்லாம் அதில் இருக்கட்டும். இருவரும் அதைப் பார்க்கட்டும்.

இரண்டு, எலெக்டிவ் படிவம் கொடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒவ்வொரு துறையிலும் வகுப்பு ஆலோசகரும் பிளேஸ்மென்ட் பொறுப்பாளரும் முன்னாள் மாணவர் ஒருவரும் சேர்ந்து மாணவர்களைச் சந்திக்கட்டும். எந்தப் பாடம் எந்த வேலைக்கு உதவியது என்று அனுபவப்பட்டவர் சொன்னால் மாணவர் காதில் ஏறும்.

மூன்று, ஆசிரியர்களுக்குப் பயிற்சி. வேலைச் சந்தையின் எல்லா விவரமும் ஓர் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. யாரிடம் அனுப்புவது என்று தெரிந்தால் போதும். உதாரணமாக, மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள் அரசுத் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றன.

2022 மார்ச் 1இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் திறன் பயிற்சியைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறது. பாதி வேலை முடிந்தது. எந்தப் பயிற்சி யாருக்குப் பொருந்தும் என்று பேசும் மீதி வேலை கல்லூரியுடையது.

கல்லூரி வேலைக்கு ஆள் பிடிக்கும் இடமா?

இந்தக் கவலை நியாயமானது. பிளேஸ்மென்ட் எண்ணிக்கைக்காகப் படிப்பை வளைத்துவிடக் கூடாது. ஆனால் தொழில் ஆலோசனை என்பது கேம்பஸ் நேர்காணல் மட்டுமல்ல. ஆராய்ச்சி, ஆசிரியப் பணி, அரசுப் பணி, சொந்தத் தொழில் எல்லாம் அதில் அடங்கும். தமிழ் இலக்கியம் படிப்பவருக்கும் இயற்பியல் படிப்பவருக்கும் இது தேவை. பாடத்தின் பயன் தெரிந்தவர் அதை விருப்பத்தோடு படிப்பார். ஆலோசனை படிப்பைப் பலப்படுத்தவே செய்யும்.

மாணவர்கள் இப்போதே செய்யக்கூடியது

கல்லூரி மாறும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி போடுங்கள்: இதுவரை படித்தது, வரும் செமஸ்டர்களில் படிக்கப்போவது, போக விரும்பும் இரண்டு வழிகள். ஒவ்வொரு வழிக்கும் கேட்கும் சதவீதம், தேர்வு, விண்ணப்ப மாதம் ஆகியவற்றைக் கீழே எழுதுங்கள். அரசுப் பணி உங்கள் வழியென்றால், உங்கள் பட்டம் அந்தப் பதவிக்கு இணையான கல்வித்தகுதியாக ஏற்கப்பட்டிருக்கிறதா என்று அரசாணையையும் பாருங்கள். பட்டத்தின் பெயர் சற்று வேறாக இருந்தாலே சிக்கல் வரும்.

அந்தத் தாளை வகுப்பு ஆலோசகரிடம் காட்டி, "சார், இதற்கு எந்த எலெக்டிவ் உதவும்?" என்று கேளுங்கள். அதே தாளைப் பிளேஸ்மென்ட் ஆபீசரிடம் காட்டி, "இந்த மார்க்கோடு எனக்கு எங்கெல்லாம் வாய்ப்பு இருக்கிறது?" என்று கேளுங்கள். இரண்டு பதில்களும் ஒத்துப்போகாவிட்டால் தயங்காமல் இருவரையும் சேர்த்து வைத்தே கேளுங்கள். இரண்டாம் ஆண்டில் கேட்டால் திருத்திக்கொள்ள நிறைய நேரம் இருக்கும். இறுதியாண்டில் இருப்பவர்கள் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.